வயது வந்தோரும் பிறவி இருதயக் குறையும்

மும்பையில் வாழும் தமிழர்க்கு நாள்தோறும் ஒரு பரீட்சை உண்டு. அதுதான் ரயில் நிலையத்து நடைபாலத்தின் படிக்கட்டு. தாராவிக்கு அருகிலுள்ள சயான் ஆயினும், மாதுங்கா ஆயினும், செம்பூர் ஆயினும், காலை வேளையில் அப்படிகளில் ஏறும் கூட்டத்தில் இரண்டொருவர் பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதைக் காணலாம். பின்னால் வருவோர் இடித்துக்கொண்டு போவர். நிற்பவர் சற்று மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீண்டும் ஏறத் தொடங்குவார். 'வயதாகிவிட்டது', 'உடம்பில் இரத்தம் இல்லை', 'இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை' என்று தமக்குத் தாமே ஒரு காரணமும் சொல்லிக்கொள்வார். பலரிடத்தில் அக்காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சிலரிடத்தில் காரணம் வயதும் அன்று, ஊரும் அன்று. அது அவர்கள் தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே உண்டானது.

பிறவியிலேயே இருதயத்தில் அமைந்துவிட்ட குறை, வயது வந்த பின்னர் எவ்வாறு வெளிப்படுகிறது, அதற்கு அறுவைச் சிகிச்சை எப்போது தக்கது, எப்போது தகாதது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள். இதனைக் குறித்துப் பேச நாம் வைத்தியர் அல்லோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர். ஆயினும் ஒரு நிகழ்ச்சி இப்பொருளை நம் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

தாராவியில் இட்லி அவித்து விற்றுக் குடும்பம் நடத்தும் அம்மையார் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்தவர். வயது 38. இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. இரத்தக்குறைவு என்று மாத்திரை தின்றார். ஆஸ்துமா என்று மருந்து இழுத்தார். ஒரு நாள் நெஞ்சு படபடத்து நிற்காமற் போகவே, மாதுங்காவில் ஒரு தமிழ் வைத்தியரிடம் சென்றார். அவர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, பெரிய பொது மருத்துவமனை ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பேசப்படும் இந்தியும் மராத்தியும் கடைத்தெருவுக்குப் போதுமான அளவே அவருக்கும் கணவருக்கும் தெரியும். ஆதலின் துணைக்கு வருமாறு நம்மை அழைத்தனர். பரிசோதனைகள் முடிந்தன. இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துவாரம் இருப்பதாகக் கண்டனர். வெளியே வந்ததும் அம்மையார் நம்மைக் கேட்ட கேள்வி இதுதான்:

"அண்ணாச்சி, முப்பத்தெட்டு வருசமா இந்த ஓட்டையோடதான இருந்திருக்கேன்? ரெண்டு பிள்ளையும் பெத்துட்டேன். இப்ப மட்டும் என்னத்துக்கு நெஞ்சைப் பிளக்கணும்?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை காண்பதற்கு இருதயத்தின் அமைப்பை முதலில் ஒருவாறு அறிந்துகொள்ள வேண்டும்.

இருதயமும் அதன் நடுச்சுவரும்

இருதயம் ஒரே பம்பு போலத் தோன்றினும் உண்மையில் அது ஒட்டிப் பிறந்த இரு பம்புகள் ஆகும். வலப்புறத்துப் பம்பு உடம்பிலிருந்து திரும்பி வரும் அசுத்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்புறத்துப் பம்பு நுரையீரலில் பிராணவாயு ஏற்ற நல்ல இரத்தத்தை வாங்கி உடம்பெங்கும் செலுத்துகிறது. ஒவ்வொன்றிலும் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. ஆக நான்கு அறைகள். இரு பக்கங்களுக்கும் நடுவே ஒரு சுவர். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இவ்வாறு இரு பக்கங்களிலும் சமமாக ஓடுகிறது. நுரையீரல் அருகில் இருப்பதால் அதற்கு இரத்தம் அனுப்பும் வலப்பக்கத்தில் அழுத்தம் குறைவு. உடம்பு முழுவதற்கும் அனுப்பும் இடப்பக்கத்தில் அழுத்தம் மிகுதி. வலப்பக்கத்தின் தசையும் அதற்கேற்ப மெல்லியதாக இருக்கும். இவ்வழுத்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து கொப்பூழ்க்கொடி வழியாக வருகிறது. ஆகவே நுரையீரலைத் தவிர்த்துச் செல்லும் பொருட்டு இயற்கை இரண்டு குறுக்குவழிகளை வைத்திருக்கிறது. ஒன்று மேலறைச் சுவரில் உள்ள திறப்பு. மற்றொன்று நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் சிறு குழாய். குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் இவை தேவையற்றுப் போகின்றன. குழாய் சில நாட்களில் சுருங்கி அடைபடும். திறப்பு, ஒரு கதவு சாத்துவதுபோல மூடிக்கொள்ளும். நால்வரில் ஒருவருக்கு அக்கதவு முழுதும் ஒட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர்க்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. எனவே இருதயத்தில் துவாரம் என்றதும், ஏதோ சாபம் அல்லது முன்வினை என்று அஞ்சுவது பொருந்தாது. நாம் யாவரும் ஒரு காலத்தில் அத்துவாரத்தோடு இருந்தவர்களே.

இடர்ப்பாடு எங்கே எழுகிறதெனில், சுவர் உருவாகும்போதே அதன் ஒரு பகுதி வளராமல் நின்றுவிடுவதில்தான். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 8 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. கீழறைச் சுவரில் துவாரம், மூடாத குறுக்குக் குழாய், பெருநாடியில் ஓரிடத்தில் இறுக்கம், மூன்று இதழ்கள் இருக்கவேண்டிய வால்வில் இரண்டே இதழ்கள், உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யும் ஃபாலோ நான்மைக் குறை என இவை பலவகைப்படும். இவற்றுள் பெரியவை குழந்தைப் பருவத்திலேயே தம்மை அறிவித்துவிடும். குழந்தை பால் குடிக்க இயலாமல் திணறும், எடை ஏறாது, அடிக்கடி சளிக் காய்ச்சல் வரும். ஆனால் மேலறைச் சுவரின் துவாரம் அத்தகையது அன்று.

ஏன் இத்தனை காலம் தெரியவில்லை?

மேலறைகள் இரண்டிலும் அழுத்தம் குறைவு. ஆதலின் அங்கே இரத்தம் சீறிப் பாய்வதில்லை. மெல்ல வழிந்து செல்கிறது. அதனால் எழும் ஒலியும் மெல்லியது. பயிற்சி பெற்ற செவிக்கே அது புலப்படும். குழந்தை ஓடியாடி விளையாடும்; பள்ளிக்குச் செல்லும்; மணமும் செய்துகொள்ளும். ஆனால் உள்ளே ஒவ்வொரு துடிப்பிலும் நல்ல இரத்தத்தில் ஒரு பங்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்குக் கசிந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போய்க்கொண்டிருக்கும். உடம்புக்கு 5 லிட்டர் போகையில் நுரையீரலுக்கு 10 லிட்டர் போகும் நிலையும் உண்டாகலாம். ஒரு பங்கு வேலைக்கு அமைந்த வலப்பக்கம் இரண்டு பங்கு வேலையை இருபது, முப்பது ஆண்டுகள் வாய்திறவாமல் செய்துவருகிறது. பின்னர்த் தளர்ந்து விரிகிறது.

வயது ஏற ஏற இக்கசிவு மிகுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நடுவயதில் இடப்பக்கத்துத் தசை சற்று விறைப்படைகிறது. இரத்த அழுத்த நோய் வந்தால் இன்னும் விறைக்கிறது. இரத்தம் எளிதான வழியையே நாடுமாதலால், துவாரத்தின் வழியாக வலப்பக்கம் செல்வது கூடுகிறது. பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் அளவே பெருகுவதால், அதுவரை மறைந்திருந்த குறை அப்போது முதன்முறையாக வெளிப்படுவதும் உண்டு. இத்துவாரம் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. இந்த ஊரில் விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, மாவரைத்து, அடுப்படியில் நிற்கும் பெண் தன் மூச்சிரைப்பை நோய் என்று சொல்ல எப்போது நேரம் காண்பாள்?

மேலறை விரிவதால் வரும் மற்றொரு கேடு துடிப்பின் ஒழுங்கு கெடுதல். இருதயம் தாளம் தப்பி நடுங்கும்போது மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அவ்வுறைக்கட்டி மூளைக்குச் சென்று வாத நோயை உண்டாக்கலாம். ஆகவே, 'இத்தனை ஆண்டு இருந்தேனே' என்ற அம்மையாரின் வாதத்திற்கு மறுமொழி இதுதான்: இருதயம் அவ்வளவு காலமும் சும்மா இருக்கவில்லை, சேமிப்பை எடுத்துச் செலவு செய்து வந்தது. இப்போதுதான் கணக்குப் புத்தகத்தில் மீதி குறைந்திருப்பது தெரியவந்தது.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

இருதயத்தைக் கத்தியால் தொடலாகாது என்பது சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை வைத்தியர்களிடையே இருந்த கொள்கை. 1938 ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் இளம் வைத்தியர், மூடாதிருந்த குறுக்குக் குழாயை ஒரு சிறுமிக்குக் கட்டி அடைத்து வெற்றி கண்டார். 1944 நவம்பர் 29 ஆம் நாள் பால்டிமோர் நகரில் நீலம் பாரித்த குழந்தைக்கு நுரையீரலுக்கு மாற்றுவழி அமைத்தனர். அந்த யோசனை ஹெலன் டாசிக் என்னும் பெண் வைத்தியருடையது; கத்தி பிடித்தவர் ஆல்பிரெட் பிளாலாக்; அந்த முறையைச் சோதனைச் சாலையில் செய்து செப்பனிட்டவர், வைத்தியப் பட்டம் பெற வாய்ப்பில்லாதிருந்த கறுப்பினத்தவர் விவியன் தாமஸ். இவையெல்லாம் இருதயத்திற்கு வெளியே நிகழ்ந்தவை. உள்ளே புகவேண்டுமாயின் அதனைச் சிறிது நேரமாவது நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் உயிர் என்னாவது?

1952 செப்டம்பரில் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் என்பவர் ஓர் ஐந்து வயதுச் சிறுமியின் உடம்பைக் குளிரச் செய்து, உடலின் பிராணவாயுத் தேவையைக் குறைத்து, அந்தச் சில நிமிட அவகாசத்தில் மேலறைத் துவாரத்தைத் தைத்தார். அடுத்த ஆண்டு, 1953 மே 6 ஆம் நாள், பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் தாம் நெடுங்காலம் உழைத்து அமைத்த இருதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றியுடன் பயன்படுத்தினார். 26 நிமிட நேரம் ஓர் உயிரை அவ்வியந்திரமே முழுமையாகத் தாங்கிற்று. அங்கே மூடப்பட்டதும் மேலறைத் துவாரமே. நோயாளி குழந்தை அன்று. 18 வயது மங்கை. நவீன இருதய அறுவைச் சிகிச்சை தன் முதல் அடியை எடுத்து வைத்ததே, நாம் இன்று பேசும் குறையுடன் வயதுக்கு வந்த ஒருவரிடத்தில்தான்.

நம் நாட்டிலும் இக்கலை விரைவில் வேரூன்றியது. 1960களின் முற்பகுதியிலேயே பம்பாயிலும், தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இயந்திரத் துணையுடன் இருதயத்தைத் திறந்து சிகிச்சை செய்யத் தொடங்கினர். சயானிலிருந்து ரயில் ஏறினால் மாதுங்கா, தாதர், அடுத்தது பரேல். அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனை 1926 இல் திறக்கப்பட்ட நகராட்சி மருத்துவமனை. 1968 பிப்ரவரி 16 ஆம் நாள் பிரபுல்ல குமார் சென் என்னும் நிபுணர் இந்தியாவின் முதல் இருதய மாற்று அறுவைச் சிகிச்சையை அங்கேதான் செய்தார். தென்னாப்பிரிக்காவில் உலகின் முதல் மாற்று நடந்து மூன்று மாதம்கூட ஆகாத காலம் அது. நோயாளி சில மணி நேரமே உயிர் வாழ்ந்தார் எனினும், ஏழை எளியோர் வரும் ஒரு மருத்துவமனையில் அத்துணிவு பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கத்தியா, குழாயா?

நிற்க. துவாரம் உண்டு என்று தெரிந்தவுடனே யாவரும் சிகிச்சைக்கு ஓடவேண்டும் என்பதில்லை. சிறு துவாரமாயின், இருதயம் விரியாதிருப்பின், அவ்வப்போது பார்த்து வந்தாலே போதும். நுண்ணொலியால் படமெடுக்கும் எக்கோ சோதனையே முதன்மையானது. அதில் வலியும் இல்லை, கதிரும் இல்லை. வலப்பக்கம் விரிந்திருக்கிறதா, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் உடம்புக்குச் செல்வதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டதா என்பதைக் கணிப்பர். ஐயம் இருப்பின் உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி அருகிலிருந்து படம் எடுப்பர். கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியே இருதயத்திற்குச் செலுத்தி, உள்ளிருக்கும் அழுத்தத்தை அளப்பதும் உண்டு.

மூடும் முறைகள் இரண்டு. மேலறைச் சுவரின் நடுப்பகுதியில் துவாரம் இருந்து, சுற்றிலும் பற்றிக்கொள்ளப் போதிய விளிம்பும் இருக்குமானால், நெஞ்சைத் திறக்காமலே அடைத்துவிடலாம். தொடை இடுக்கிலுள்ள சிரையின் வழியே குழாயைச் செலுத்தி, அதனுள் மடித்து வைக்கப்பட்ட உலோகவலைத் தட்டைத் துவாரத்தில் விரியச் செய்வர். சட்டையின் இருபுறமும் பொத்தான் பிடிப்பதுபோல அது சுவரின் இருபக்கமும் பற்றிக்கொள்ளும். சில மாதங்களில் அதன் மேல் உடம்பின் சொந்தத் தசையே படர்ந்துவிடும். நோயாளி ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். இரத்தம் உறையாதிருக்கச் சுமார் ஆறு மாதம் மாத்திரை உண்ண வேண்டும்.

துவாரம் மிகப் பெரிதாயினும், விளிம்பு இல்லாவிடினும், சுவரின் மேல்மூலையிலோ கீழ்மூலையிலோ இருப்பினும் அறுவைச் சிகிச்சையே வழி. நமது அம்மையாருக்கு இருந்தது மேல்மூலைத் துவாரம். உடம்பின் மேற்பகுதியிலிருந்து வரும் பெருஞ்சிரை மேலறையில் சேருமிடத்தருகே அது இருந்தது. நுரையீரலிலிருந்து வரும் சிரையொன்றும் வழிமாறி வலப்பக்கமே சேர்ந்திருந்தது. இவ்வகை சாதாரண எக்கோவின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். ஆதலால்தான் முன்னொரு முறை எடுத்த படத்தில் எதுவும் புலப்படவில்லை என்று வைத்தியர் விளக்கினார்.

அறுவைச் சிகிச்சையில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, இரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓடச் செய்து, இருதயத்தைக் குளிர்ந்த மருந்துநீரால் நிறுத்தி வைக்கின்றனர். பின்னர் இருதயத்தைச் சூழ்ந்துள்ள உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்து, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல் துவாரத்தில் தைக்கின்றனர். வழிமாறிய சிரையையும் உரிய இடத்திற்குத் திருப்புகின்றனர். இரத்தம் மீண்டும் புகுந்ததும் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. தீவிர கவனிப்பில் ஓரிரு நாள், மருத்துவமனையில் சுமார் ஒரு வாரம். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை பளு தூக்கலாகாது. குடம் எடுத்தலும் மாவுப்பாத்திரம் இறக்குதலும் கூடா.

காலம் கடந்தால்

இப்பகுதியை நேயர்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். மூடத்தகாத துவாரமும் உண்டு. பல ஆண்டுகள் மிகுதியான இரத்தமும் அழுத்தமும் தாக்கினால், சிலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தடித்துச் சுருங்கிவிடுகின்றன. கீழறைத் துவாரமும் பெரிய குறுக்குக் குழாயும் உள்ளவர்க்கு இது இளமையிலேயே நேரலாம். மேலறைத் துவாரத்தில் சற்று அரிது. நுரையீரலின் எதிர்ப்பு உடம்பின் எதிர்ப்பையும் மிஞ்சிவிடும்போது, ஓட்டம் திசைமாறுகிறது. அசுத்த இரத்தம் நேரே உடம்பில் கலக்கிறது. உதடும் விரல்நுனியும் நீலம் பாரிக்கின்றன. 1897 இல் இந்நிலையை எழுதிவைத்த விக்டர் ஐசன்மெங்கர் என்பாரின் பெயரால் இது வழங்குகிறது. அப்போது அத்துவாரமே, அடைபட்ட வலப்பக்கத்திற்குப் போக்கிடமாகி, உயிரைத் தாங்குகிறது. அதனை மூடினால் நோயாளி பிழையார். மருந்துகளால் துன்பத்தைத் தணிக்கலாம். பழைய நிலைக்குத் திருப்ப இயலாது. இந்நிலையிலுள்ள பெண்கள் கருத்தரித்தல் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, 'பொறுத்துப் பார்க்கலாம்' என்னும் சொல்லுக்கு இருதய நோயில் இரு பொருள் உண்டு. வைத்தியர் கணக்கிட்டுச் சொல்லும் பொறுமை வேறு. நாம் அஞ்சிச் செய்யும் தாமதம் வேறு.

வயது வந்தபின் மூடுவதால் பயன் உண்டா எனில், உண்டு. மூச்சிரைப்புக் குறையும்; விரிந்த வலப்பக்கம் பெரும்பாலும் சுருங்கும்; நடக்கும் திறன் கூடும். இருபத்தைந்து வயதுக்குள் மூடிக்கொண்டோர் ஏனையோரைப் போன்றே நெடுநாள் வாழ்கின்றனர் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. நாற்பதைத் தாண்டியவர்க்கும் பயன் உண்டு. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன தாளம் முழுதும் சீர்ப்படும் என்று உறுதி கூற இயலாது.

மொழிபெயர்ப்பில் விட்டுப்போனவை

அறுவைச் சிகிச்சைக்கு முன் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவது வழக்கம். நிபுணர் அம்மையாரின் எதிரே அமர்ந்து, இந்தியில் பொறுமையாக எடுத்துரைத்தார். இத்தகைய சிகிச்சையில் நூறு பேரில் சுமார் ஒருவரை இழக்க நேரலாம், இரத்தப்போக்கு வரலாம், வாதம் வரலாம், துவாரம் இருக்குமிடம் இருதயத்தின் தாளம் பிறக்குமிடத்தை ஒட்டியதாகலின், தாளம் தளர்ந்து பேஸ்மேக்கர் கருவி பொருத்த நேரினும் நேரலாம் என்றார். நாம் தமிழில் சொன்னது: "பயப்படும்படி ஒன்றுமில்லை என்கிறார் அம்மா."

அம்மையார் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "அவர் அம்புட்டு நேரம் பேசினாரே அண்ணாச்சி, நீங்க ஒத்த வரியில முடிச்சிட்டீங்களே? விட்டதையும் சொல்லுங்க" என்றார்.

இருபது ஆண்டுகளாக அரசாங்கத்தின் ஆணைகளை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்து வருபவர் நாம். அன்று நாணினோம். நிபுணரை மறுபடியும் சொல்லும்படி வேண்டி, வரிவரியாகத் தமிழாக்கினோம். அம்மையார் முழுவதும் கேட்டார். பிறகு அவர் கேட்ட கேள்வி, நிபுணரையும் சற்று நிறுத்திற்று: "செய்யாம விட்டா நூத்துக்கு எத்தனை?" அதற்கு ஒரே எண்ணாக விடை சொல்ல இயலாது என்றும், ஆனால் இருதயம் ஆண்டுதோறும் மேலும் விரியும், படபடப்பு நிலைத்துவிடும், பிறகு செய்ய நினைத்தாலும் பயன் குறையும் என்றும் அவர் விளக்கினார். அம்மையார் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் வந்து, தம் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டார்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். நோயாளிக்காக மொழிபெயர்க்கப் போகிறவர், அன்பினால் ஒரு சொல்லையும் மறைத்தல் கூடாது. உடம்பு அவருடையது, முடிவும் அவருடையதே.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, காகிதம். மும்பையிலுள்ள நகராட்சி, அரசு மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டமும், 2018 இல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு இருதய சிகிச்சையின் செலவை ஏற்கின்றன. பின்னதன் கீழ் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பிற மாநிலத்தில் பதிந்தவரும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அதனைப் பெறலாம். ஆனால் நம்மவரில் பலருக்குக் குடும்ப அட்டை ஊரில் இருக்கும், உடம்பு இங்கே இருக்கும். நோய் வருமுன்னரே அட்டைகளைச் சீர்செய்து வைத்தல் நன்று. வழி தெரியாவிடின், மருத்துவமனையிலுள்ள சமூக சேவை அலுவலரை அணுகிக் கேட்கலாம்.

இரண்டாவது, குழந்தைப் பருவத்தில் சிகிச்சை பெற்றவர்கள். செம்பூரில் வாடகை அறையில் தங்கிக் கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை அறிவோம். மூன்று வயதில் தமிழ்நாட்டில் ஃபாலோ குறைக்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர். நெஞ்சில் தழும்பு இருக்கிறது. காகிதம் ஒன்றும் இல்லை. 'அதெல்லாம் சின்ன வயசிலேயே சரி பண்ணியாச்சு' என்றே வீட்டார் சொல்லி வளர்த்தனர். ஆனால் ஃபாலோ குறை திருத்தப்பட்டோரில் பலர்க்கு, நுரையீரலுக்குச் செல்லும் வாயிலிலுள்ள வால்வு நாளடைவில் கசிந்து, இருபது முப்பது வயதில் புது வால்வு தேவைப்படலாம். சிகிச்சை பெற்றவர் யாவரும் ஆயுள் முழுவதும், குறிப்பிட்ட காலத்திற்கொரு முறை, இருதய வைத்தியரிடம் காட்டிக்கொள்ளல் வேண்டும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் பள்ளிச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, மறைத்தல். பெண்ணுக்கு இருதயத்தில் குறை என்றால் வரன் தட்டிப்போகும் என்று பெற்றோர் மறைக்கின்றனர். மணமான பின் கருவுற்று மூச்சுத் திணறும் நாளில் அம்மறைப்பின் விலையைச் செலுத்துவது அப்பெண்ணே. தக்க காலத்தில் மேலறைத் துவாரத்தை மூடிக்கொண்டு, நுரையீரல் அழுத்தமும் சரியாக இருக்கும் பெண்கள் பெரும்பாலும் இயல்பாகவே பிள்ளை பெறுகின்றனர். பெற்றோரில் ஒருவருக்குப் பிறவிக் குறை இருப்பின் குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான். கருவின் ஐந்தாம் மாத அளவில் எக்கோ மூலம் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மையாருக்குச் சிகிச்சை நல்லபடியாக நடந்தேறியது. பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. இரண்டு மாதம் இட்லிக்கடையைக் கணவரும் மூத்த மகளும் நடத்தினர்; இட்லி கல்லாக இருந்தது என்று அம்மையார் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். படபடப்புக்கு மாத்திரை இன்னும் தொடர்கிறது. அண்மையில் சயான் நடைபாலத்தில் அவரைப் பின்னாலிருந்து கண்டோம். பாதி வழியில் கைப்பிடியில் கை வைத்தார். களைத்துவிட்டாரோ என்று விரைந்து அருகே சென்றோம். அவர் நின்றது தமக்காக அன்று. முன்படியில் மூச்சு வாங்க நின்றிருந்த வேறொரு பெண்ணிடம், எந்த நாளில் எந்த வாசலில் சீட்டு எழுதுவர் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, படிக்கட்டில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இருதய நோய் இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முன்பு ஏறிய படியை இப்போது ஏற முடியவில்லையானால், காரணமின்றி நெஞ்சு படபடத்தால், சின்ன வயதில் எவரேனும் 'நெஞ்சில் சத்தம் கேட்கிறது' என்று சொல்லியிருந்தால், ஒரு முறை வைத்தியரிடம் சென்று நெஞ்சைக் காட்டுங்கள். ஊரும் மொழியும் புதிது என்று தயங்க வேண்டா. உடன் வர ஒரு தமிழர் கிடைப்பார். அவர் எதையும் விட்டுவிடாமல் சொல்கிறாரா என்பதை மட்டும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.